டேனா காமன்: மறைந்த ஊரில் பெட்டி தேடப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தனியாக வசித்து வேலை பார்க்கும் தமிழர்களில் பலர் வார இறுதிகளில் காட்டுப்பாதைகளில் நடக்கப் போகிறார்கள். அவர்களில் சிலர் என்னைப் போல, மறைத்து வைத்த பெட்டிகளைத் தேடிப் போகும் ஜியோகேஷிங் விளையாட்டையும் ஆடுகிறார்கள். கடந்த கோடையில், மறைந்துபோன ஒரு குடியிருப்பையும் அதன் பள்ளிக்கூடம் இருந்த இடத்தையும் தேடிப் போன எனக்கு, உண்ணி கடிப்பதால் பரவும் லைம் நோய் வந்தது. முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்தது. மூவாயிரம் டாலருக்கு மேல் செலவானது. தங்கையின் வளைகாப்புக்குப் போக முடியவில்லை. லைம் நோய் என்று ஒன்று இருப்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெட்டி தேடுகிறவர்களை அது குறிப்பாக எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதையும், நம்முடைய நிறத்துத் தோலில் அதன் அடையாளம் எப்படித் தெரியும் என்பதையும் எனக்கு முன்கூட்டியே சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அவ்விரண்டையும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஜியோகேஷிங்கைப் பற்றி அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொதுமக்களுக்குக் கிடைத்த ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் கலப்பு 2000ஆம் ஆண்டு மே 2 அன்று நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் அறிவித்தார். இன்று உலகம் முழுவதும் அப்படி மறைக்கப்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வரவேண்டும். பெட்டியை மண்ணில் புதைக்கக்கூடாது. நிலத்துக்குரியவரின் அனுமதியின்றி வைக்கவும் கூடாது.

பெட்டியைவிட அது கூட்டிக்கொண்டு போகும் இடங்களே எனக்கு முக்கியம். நான் மேட்டூர்க்காரி. அணையின் நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் தேவாலயத்தின் கோபுரங்களும் வெளியே தெரிவதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள். ஆகவே குவாபின் நீர்த்தேக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அங்கே போகாமல் இருக்க முடியவில்லை. பாஸ்டன் நகரின் குடிநீருக்காக ஸ்விஃப்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கை நீர்த்தேக்கமாக்க 1927இல் சட்டம் இயற்றினார்கள். டேனா, என்ஃபீல்டு, கிரீன்விச், பிரெஸ்காட் என்ற நான்கு ஊர்கள் 1938 ஏப்ரல் 28 அன்று சட்டப்படி இல்லாமல் ஆக்கப்பட்டன. அதற்கு முந்தைய இரவு என்ஃபீல்டின் ஊர் மன்றத்தில் பிரிவு நடனம் நடந்தது. ஆடிக்கொண்டிருந்தபோதே நள்ளிரவு ஆகி, அவர்களுடைய ஊர் முடிந்துபோனது. ஏறத்தாழ 2,500 பேர் வெளியேறினார்கள். 7,500க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி, உடல்களை வேறிடத்தில் அடக்கம் செய்தார்கள். 1939இல் தேங்கத் தொடங்கிய நீர் 1946இல் முழுக் கொள்ளளவை எட்டியது. டேனாவின் நடுப்பகுதி மட்டும் மேட்டில் இருந்ததால் மூழ்கவில்லை. ஆனாலும் அது நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் அடங்கியதால் அங்கிருந்த கட்டடங்களையும் அகற்றிவிட்டார்கள். வீடுகள், பள்ளிக்கூடம் ஆகியவை இருந்த இடங்களில் நிலவறைக் குழிகளும் கற்களும் மரங்களுமே இப்போது இருக்கின்றன.

பீட்டர்ஷாம் அருகே 40ஆம் எண் வாயிலில் காரை நிறுத்திவிட்டுப் பழைய சாலையில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நடந்தால், டேனா ஊரின் நடுவிலிருந்த பொதுப் புல்வெளியான டேனா காமன் வந்துவிடும். நான் போனது ஜூன் மாதத்தில். சாலை அகலமானது, நிழலானது, கைக்குழந்தையுடன்கூடப் போகலாம். புல்வெளியின் ஓரத்தில் 1801, 1938 என்ற ஆண்டுகளைப் பொறித்த கல் ஒன்றை, தங்கள் வீடுகளையும் வாழ்க்கைமுறையையும் விட்டுக்கொடுத்தவர்களின் நினைவாக நட்டிருக்கிறார்கள். பள்ளி இருந்த இடத்தில் நெடுநேரம் நின்றேன். பனையோலைத் தொப்பி பின்னிப் பிழைத்த ஊர் அது என்று படித்திருந்தேன். ஓலை பின்னிய வீடுகளிலிருந்து அந்தப் பள்ளிக்கு வந்த குழந்தைகளை நினைத்தபோது நெஞ்சு கனத்தது. நான் தேடிய பெட்டி அங்கே இல்லை. கல்லில் உள்ள எண்களைக் குறித்துக்கொண்டு கணக்குப் போட்டால், நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு வெளியே உள்ள வேறொரு காட்டில் இறுதி இடம் கிடைக்கும் வகையில் அதை அமைத்திருந்தார்கள். நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் எதையும் தோண்டவோ எடுத்துச் செல்லவோ கூடாது, உலோகங்காட்டிக் கருவியும் கூடாது, நாயைக் கூட்டிப் போகவும் கூடாது என்பதைப் போகிறவர்கள் நினைவில் வைக்கவேண்டும். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: நிலவறைக் குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்காதீர்கள். சாந்து இல்லாமல் அடுக்கிய கற்கள் அவை; மேலே மண்ணும் இலையும் மூடியிருப்பதால் எது கல், எது வெற்றிடம் என்று தெரியாது. பழைய குடியிருப்புகளில் மூடாத கிணறுகளும் இருக்கலாம்.

இறுதி இடமும் ஒரு பள்ளிக்கூடத்தினுடையதுதான். இந்தப் பகுதியின் பழைய ஊர்களில், குழந்தைகள் நடந்து போகும் தொலைவுக்கு ஒன்றாக ஓரறைப் பள்ளிகள் இருந்தன. அவற்றில் ஒன்றின் அஸ்திவாரமும் வாசற்படிக் கல்லும் மட்டும் எஞ்சியிருந்த இடம் அது. பாதையிலிருந்து பார்த்தாலே படிக்கல் தெரிந்தது. ஆனால் அடர்ந்த மரங்களுக்கு அடியில் ஜி.பி.எஸ். பத்து மீட்டர் வரை அலைபாய்வது சாதாரணம். பெட்டி எந்தக் கல்லிடுக்கில் இருக்கிறது என்று தெரியாமல், முழங்கால் உயரப் பெரணிச் செடிகளுக்குள்ளும் முட்புதருக்குள்ளும் இறங்கி, கல்சுவரின் ஓரமாக மண்டியிட்டு, இலைக்குப்பையைக் கையால் விலக்கி நெடுநேரம் தேடினேன். பெட்டி கிடைத்தது, மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டேன்.

எனக்கு நேர்ந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கடைசிப் பத்து மீட்டர்தான் காரணம் என்று பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். பாதையின் நடுவில் நடப்பவருக்கும் பெட்டி தேடுபவருக்கும் உள்ள வேறுபாடு அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதி பெரும்பாலும் காடழித்த விளைநிலமாக இருந்தது. நிலத்திலிருந்து பொறுக்கிய கற்களை அடுக்கியே இந்தச் சுவர்களைக் கட்டினார்கள். மனிதர் போனபின் காடு திரும்பியது. காட்டோடு மான்களும் திரும்பின. குவாபினில் மான்கள் இளமரக்கன்றுகளைத் தின்று காட்டை வளரவிடாமல் செய்ததால், 1991 முதல் கட்டுப்பாட்டுடன் வேட்டைக்கு அனுமதிக்கவேண்டியிருந்தது. லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி, வளர்ந்தபின் மானின் மீது வாழ்கிறது. ஆனால் நோய்க்கிருமியை உண்ணிக்குக் கொடுப்பதில் முதலிடம் வெண்பாத எலிகளுக்கு. அந்த எலிகளோ கல்சுவர் இடுக்குகளிலும் சிதைந்த அஸ்திவாரங்களிலும் விரும்பிக் குடியிருக்கின்றன. வெயில் படாத ஈரமான இலைக்குப்பை உண்ணியைக் காயவிடாமல் காக்கிறது. ஜப்பானிய பார்பெர்ரி என்ற முட்செடி மண்டிய இடங்களில் உண்ணிகள் கூடுதலாக இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கைவிடப்பட்ட குடியிருப்புகளில் இவை யாவும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகின்றன. மே மாதத்திலிருந்து ஆகஸ்டு வரை திரியும் இளம்பருவ உண்ணி கசகசா அளவே இருக்கும். கடித்தால் வலிக்காது, அரிக்காது. நம் ஊரில் மாட்டின் காதில் கொட்டைபோலத் தொங்கும் உண்ணியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உண்ணியாகவே தெரியாது.

வீடு திரும்பி இரண்டு வாரம் போலக் கழித்துக் காய்ச்சல் வந்தது. தலைவலி, கழுத்துப் பிடிப்பு, எலும்பெல்லாம் வலி. மாடிப்படி ஏறினாலே உட்காரவேண்டும் போலிருந்த சோர்வு. சளியும் இருமலும் இல்லை. கோடையில் சளி, இருமல் இல்லாமல் இப்படி ஒரு காய்ச்சல் வந்து, அதற்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் காட்டுக்குப் போயிருந்தால், அதை உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று பக்கத்தில் இருந்த ஓர் அவசரச் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். காட்டுக்குப் போனீர்களா என்று யாரும் கேட்கவில்லை. பின்தொடையில் ஏதோ தடித்திருப்பது போல இருக்கிறது என்று நானே சொல்லிக் காட்டியபோதும், பார்த்தவர் அதை அடிபட்ட கன்றல் என்று சொல்லிவிட்டு, வைரஸ் காய்ச்சல், ஓய்வெடுங்கள் என்று அனுப்பினார். அதற்கு 165 டாலர் கட்டினேன். காய்ச்சலும் தானாகத் தணிந்துவிட்டதால், அவர் சொன்னது சரியென்றே தோன்றியது.

இங்கே கொஞ்சம் நின்று தோல் நிறத்தைப் பற்றிப் பேசவேண்டும், ஏனென்றால் இதைப் போதிய அளவு யாரும் பேசுவதில்லை. லைம் நோய் வந்தவர்களில் பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் கடித்த இடத்திலிருந்து மெல்லப் பரவும் தடம் தோன்றும். கடித்த மூன்று நாள் முதல் முப்பது நாளுக்குள் அது வரும். நாளுக்கு நாள் விரியும். தொட்டால் சற்றுச் சூடாக இருக்கும். பெரும்பாலும் வலியோ அரிப்போ இருக்காது. விளம்பரத் தாள்களில் வெள்ளைத் தோலின்மேல் சிவந்த வட்டமும் நடுவில் புள்ளியுமாக, வில்வித்தைக் குறிபோலப் படம் போட்டிருப்பார்கள். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் அந்தச் சிவப்பு தெளிவாகத் தெரியாமல் போகலாம். கருநீலமாகவோ, ஊதா கலந்த பழுப்பாகவோ, பழைய கன்றலைப் போலவோ தெரியலாம். வட்டம் பல பேருக்கு இருக்கவே இருக்காது. இதனாலேயே கறுத்த தோலுடையவர்களுக்கு நோய் முற்றிய பிறகு கண்டுபிடிக்கப்படுவது மிகுதி என்று மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆகவே சந்தேகமான தடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு வரைந்து, தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். அடுத்தடுத்த நாள்களில் தடம் கோட்டைத் தாண்டி விரிந்துகொண்டே போனால் அது கன்றலாக இருக்க வாய்ப்பு குறைவு. கன்றல் நாளுக்கு நாள் பரவிக்கொண்டே போகாது. தனியாக இருப்பவர்களுக்கு முதுகையும் பின்தொடையையும் பார்க்க வேறு ஆள் கிடையாது. கைப்பேசியைச் சுவரில் சாய்த்துவைத்து நேரக்கருவி வைத்துப் படம் எடுத்துப் பார்ப்பதே வழி. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

ஜூலை மாதக் கடைசியில் ஒரு காலை பல் துலக்கி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வாயின் இடது ஓரத்தால் ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் இடது கண் மூடவில்லை, புருவம் ஏறவில்லை, வாய் வலப்பக்கம் இழுத்திருந்தது. பக்கவாதம் என்றுதான் நினைத்தேன். அந்த நிமிடத்தின் பயத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முப்பத்திரண்டு வயதில், வேற்று நாட்டில், கதவைப் பூட்டிக்கொண்டு தனியே இருக்கும் வீட்டில், இங்கேயே விழுந்துவிட்டால் எவருக்கும் தெரியாதே என்ற ஒரே எண்ணம்தான் ஓடியது. முதலில் வாசல் கதவைத் திறந்து வைத்தேன். பிறகு 911ஐ அழைத்தேன். தனியாக இருக்கும் எவரும் அந்த வரிசையிலேயே செய்யவேண்டும் என்று சொல்வேன். முகம் இழுத்துக்கொண்டால் அது பக்கவாதமா இல்லையா என்று வீட்டில் உட்கார்ந்து ஆராயக்கூடாது. அதைத் தீர்மானிப்பது மருத்துவமனையின் வேலை.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, இந்தக் கோடையில் காட்டுக்குப் போனீர்களா என்பது. பள்ளிக்கூடத்து அஸ்திவாரத்தில் மண்டியிட்டுத் தேடியதைச் சொன்னேன். அவர் பின்தொடையைப் பார்த்தார். மங்கிக்கொண்டிருந்தாலும் ஓர் உள்ளங்கையைவிடப் பெரிதாக அந்தத் தடம் இன்னும் இருந்தது. லைம் கிருமி நரம்பைத் தாக்கினால் முகவாதம் வரும்; இதயத்தின் மின்னோட்டத்தையும் தடுக்கக்கூடும் என்பதால் இ.சி.ஜி. எடுத்தார்கள். நல்லவேளையாக அது சரியாக இருந்தது. இரத்தப் பரிசோதனையும் நோயை உறுதி செய்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை, அதற்கு எதிராக நம் உடல் உண்டாக்கும் எதிர்பொருளைத் தேடுகிறது. அது உருவாகச் சில வாரங்கள் ஆகும். தடம் தோன்றிய முதல் வாரங்களில் பரிசோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். அதனால் தெளிவான தடம் இருந்தால் பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்து கொடுப்பதே முறை. முதலில் அவசரச் சிகிச்சை நிலையத்துக்குப் போன நாளிலேயே மருந்து தொடங்கியிருந்தால் முகம் இழுத்துக்கொள்ளும் நிலை பெரும்பாலும் வந்திருக்காது என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மருந்து டாக்சிசைக்ளின் என்ற, கிருமியைக் கொல்லும், விலை குறைந்த மாத்திரை; நாளுக்கு இரு வேளை, சில வாரங்கள். நம் உணவுப் பழக்கத்துக்கு ஏற்ப இரண்டு விஷயங்கள் சொல்லவேண்டும். பால், தயிர், மோர், இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை ஆகியவை இந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஆகவே காலைக் காபியோடு சேர்த்து விழுங்காமல் இடைவெளி விடவேண்டும். நிறையத் தண்ணீருடன் விழுங்கிவிட்டு உடனே படுக்காமல் இருக்கவேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் எளிதில் கருகும் என்பதால் மறைப்பும் தேவை. மூடாத கண்ணுக்குப் பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு தடவி இமையை ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொண்டு தூங்கினேன். முகம் நேராக இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. இடது முழங்காலில் விறைப்பு இன்னும் முற்றிலும் போகவில்லை.

செலவைத் திறந்து சொல்கிறேன். காப்பீடு இருந்தும், அது பணம் தரத் தொடங்கும் முன் ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட தொகை வரை நானே கட்டவேண்டியிருந்ததால் அவசரப் பிரிவுக்கு மட்டும் 2,100 டாலர் ஆனது. நரம்பியல் மருத்துவருக்கும் கண் மருத்துவருக்குமாக ஏறத்தாழ 400. விமானச் சீட்டை ரத்து செய்ததில் 700க்கு மேல் போயிற்று. மாத்திரைக்கு ஆனது 20 டாலருக்கும் குறைவு. சேர்த்து வைத்திருந்த விடுப்பெல்லாம் படுக்கையில் கழிந்தது. பணத்தைவிட எனக்கு வலித்தது வளைகாப்புதான். முகத்தை மறைப்பதற்காகக் காணொளி அழைப்பைத் தவிர்த்துக் குரலில் மட்டும் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். சொற்கள் குழறுவதை அவர் கேட்டுவிட்டார். “ஏன் கண்ணு, பேச்சு ஒரு மாதிரி இருக்குது? மூஞ்சியக் காட்டு” என்றார். காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அங்கேயும் உண்ணிக்காய்ச்சல் வருகிறதா என்று கேட்டார். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் அப்படிச் சொல்லப்படும் நோய் ஸ்க்ரப் டைஃபஸ். வேறு கிருமி, வேறு பூச்சி, ஆனால் அதற்கும் இதே டாக்சிசைக்ளின்தான் கொடுக்கிறார்கள் என்று விளக்கினேன். மறைத்திருக்க வேண்டாம் என்றும் இப்போது தோன்றுகிறது. சொன்ன பிறகு அன்றிரவுதான் நன்றாகத் தூங்கினேன்.

பெட்டி தேடப் போகிறவர்கள் செய்யக்கூடியவை பெரிய செலவு வைக்காதவை. காலணி, காலுறை, காற்சட்டை ஆகியவற்றின்மேல் உண்ணியைக் கொல்லும் 0.5 விழுக்காடு பெர்மெத்ரின் மருந்தைத் தெளித்து, முழுதும் காயவிட்டு அணியுங்கள். அது துணிக்கு மட்டும், தோலில் படக்கூடாது. வெளியே தெரியும் தோலுக்கு டீட் அல்லது பிகாரிடின் கலந்த பூச்சிவிரட்டி. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். வெளிர்நிறத் துணியில் உண்ணி ஊர்வது தெரியும். வீட்டுக்கு வந்ததும் துணிகளைத் துவைப்பதற்கு முன்பே உலர்த்தி இயந்திரத்தில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் போட்டால் உண்ணி செத்துவிடும். ஈரத் துணியென்றால் இன்னும் நேரம் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் குளித்துவிட்டு, முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், தொப்புள், காதின் பின்புறம், தலைமுடிக்குள் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். நம் கூந்தல் அடர்த்திக்கு அதற்குப் பொறுமை வேண்டும்.

உண்ணி ஒட்டியிருந்தால், நம் ஊரில் நாய்க்குச் செய்வதுபோல மண்ணெண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவுவது, நெருப்புக் காட்டுவது எதுவும் கூடாது. கூர்முனை இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக மேலே இழுக்கவேண்டும். அதற்கு ஓர் இடுக்கியைப் பையிலேயே வைத்திருங்கள். கிருமி பரவப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் அது ஒட்டியிருக்கவேண்டும் என்பதால் அன்றே எடுத்துவிடுவது பெரும் பாதுகாப்பு. மான் உண்ணி 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்ததாகத் தோன்றினால், அதை எடுத்த 72 மணி நேரத்துக்குள் ஒரே ஒரு வேளை டாக்சிசைக்ளின் கொடுத்து நோய் வரும் வாய்ப்பைக் குறைக்க மருத்துவர்களால் முடியும். எடுத்த உண்ணியை ஒட்டுநாடாவில் ஒட்டித் தேதி எழுதி வைத்தால் மருத்துவரிடம் காட்ட உதவும். அங்கே போனதும் காய்ச்சல் என்று தொடங்காமல், எந்தத் தேதியில் எந்தக் காட்டில் செடிகளுக்குள் இறங்கினேன், லைம் நோயாக இருக்குமா என்று பாருங்கள் என்று தொடங்குங்கள். இல்லை என்று சொன்னால் எதனால் இல்லை என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

ஜியோகேஷிங் இணையதளத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள விவரப் பக்கத்தில் உண்ணி, நச்சுச்செடி, ஆபத்தான இடம் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சின்னங்கள் உண்டு. புறப்படும் முன் அவற்றைப் பாருங்கள். ஆனால் உண்ணிச் சின்னம் இல்லையென்றால் உண்ணி இல்லை என்று பொருளாகாது, வைத்தவர் குறிக்கவில்லை என்றே பொருள். நான் தேடிய பெட்டியின் பக்கத்தில் அது இல்லை. உடல் தேறியதும் அதை வைத்தவருக்கு நடந்ததை எழுதினேன். அவர் மிகவும் வருந்திப் பதில் எழுதினார், சின்னத்தைச் சேர்த்தார். சில வாரங்களில் பெட்டியையும் கல்சுவரிலிருந்து எடுத்து, நிலத்துக்குரியவரின் அனுமதியோடு பாதையோரத்து மரம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார். இனி அங்கே போகிறவர்கள் பள்ளியின் படிக்கல்லைப் பாதையிலிருந்தே பார்க்கலாம். செடிகளுக்குள் இறங்காமலே கையெழுத்திட்டுத் திரும்பலாம்.